முதல் ‘மாட்டேன்’

அன்புள்ள விமலா,

நலம். உன் நலம் கோமதி மூலம் வந்து சேர்கிறது, நீ எடை கூடியிருக்கும் செய்தி உட்பட. பொங்கலுக்கு நீ போட்ட செய்திக்கு இன்னும் பதில் இல்லையென்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. அம்மாவின் முட்டி வலி அப்படியேதான், சொல் பேச்சுக் கேட்காமல் மாடி ஏறுவதும் அப்படியேதான். கார்த்திக் ஒருவழியாக புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி, அதுதான் ஆய்வு நோயாளிகளுக்குத் தீங்கில்லாததா என்று பார்க்கிற குழு, அனுமதி கொடுத்துவிட்டது! “கிளினிக் வைத்திருப்பவளுக்கு ரிசர்ச் எதுக்குடி, ஊசி போட்டோமா காசு வாங்கினோமான்னு இரு” என்று சொன்ன வாயைக் கழுவிக்கொள். என்னைப் போல் தனியாகக் கிளினிக் நடத்துகிறவர்களுக்குச் சொந்தக் கமிட்டி ஏது? ஒரு மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அங்கே ஒருவர், “குடும்ப டாக்டர்னா எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். “எல்லா டிபார்ட்மென்டும்தான் சார்” என்றேன். நம் சபாபதி சாராக இருந்தால் அந்தப் பதிலுக்கு வைவாவிலிருந்தே எழுப்பி அனுப்பியிருப்பார்.

என்ன ஆய்வு என்று கேட்பாய். மாதவிலக்கில் அதிகம் உதிரம் போவதைப் பற்றி; கர்ப்பப்பை ஆபரேஷன் செய்கிற உன் பிழைப்பில் மண்ணைப் போடுகிற ஆய்வுதான்.

இங்கே அம்பாசமுத்திரம் பக்கம் என் ஓ.பி.யில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். காலையில் சுளகை மடியில் வைத்தால் சாயங்காலம் வரை அசைய மாட்டார்கள். மாதவிலக்கு எவ்வளவு அதிகமாகப் போனாலும் துணி மாற்ற எழுந்திருக்க யோசிப்பார்கள். எழுந்தால் பீடிக் கட்டு குறையும், கூலி குறையும். என்னிடம் வருவது கழுத்து வலிக்கும் தலைசுற்றலுக்கும்தான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஹீமோகுளோபின் ஏழு, எட்டு. எத்தனை நாள் போகிறது என்று கேட்டால், “எல்லாருக்கும் போறதுதானம்மா” என்பார்கள். கதவு வரை போன பிறகு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, “பைய எடுத்திட்டா சரியாப் போயிரும்னு சொல்லுதாங்களே, நெசமா?” வயது முப்பத்தாறு இருக்கும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாமும் இரும்பு மாத்திரையை அள்ளிக் கொடுக்கிறோம். எவ்வளவு போகிறது என்று கேட்பதில்லை. யாராவது கேட்டால் அது கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சில் போய் நிற்கிறது. பக்கத்து ஆந்திராவில் நான்காம் சுற்றிலேயே நூற்றுக்கு ஒன்பது பெண்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. நாடு முழுவதற்கும் அது மூன்றுதான். தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டி வந்ததே. கோபப்படாதே, உன்னைச் சொல்லவில்லை. நான் அனுப்பினவர்களில் பாதிப் பேரை மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினவள் நீ. எல்லாரும் விமலாவா?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காரணம். ஜோ கய் என்று நாட்டிங்ஹாமில் ஒரு குடும்ப மருத்துவர், பேராசிரியரும்கூட. அவரும் பர்மிங்ஹாமின் ஜனேஷ் குப்தாவும் சேர்ந்து, அதிக உதிரப்போக்கு என்று குடும்ப மருத்துவர்களிடம் வந்த 571 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், இன்னொரு பக்கம் வழக்கமான மாத்திரைகள். 2013-ல் வந்த முடிவில் சாதனம்தான் ஜெயித்தது. அது உனக்குத் தெரிந்ததே. என்னை இழுத்தது அவர்கள் அளந்த விதம். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால்தான் அதிகம் என்று நாம் படித்த கணக்கைப் பிடித்துத் தொங்காமல், வேலை கெட்டதா, வெளியே போவது நின்றதா, வீட்டில் பிரச்சினையா, மனசு எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ஓ.பி.யில் உட்காருகிறவன் கேட்கிற கேள்வி என்று பார்த்ததுமே தோன்றியது.

அதற்கும் முன்னால் 1968-லேயே அங்கே 1,400 குடும்ப மருத்துவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடும் 23,000 பெண்களையும் சாப்பிடாத 23,000 பெண்களையும் சேர்த்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். முன்னின்றவர் மான்செஸ்டரில் கிளிஃபோர்ட் கே, அவரும் குடும்ப மருத்துவர். சினைப்பைப் புற்றுநோய் குறைவது மாத்திரையை நிறுத்தி முப்பது வருடம் கழித்தும் நீடிக்கிறது என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளிலிருந்து வந்ததுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி ஆபரேஷன் அன்று வருகிறாள், தையல் பிரித்ததும் போய்விடுகிறாள். பத்து வருடம் கழித்து இடுப்பு வலி என்று வருவது என்னிடம்தானே?

நானும் அதே வழியில்தான் கேட்கிறேன். மாதவிலக்கு நாட்களில் எத்தனை கட்டு குறைகிறது, எந்தக் கல்யாணத்துக்கெல்லாம் போகவில்லை, ‘எடுத்துவிடு’ என்று முதலில் சொன்னது டாக்டரா, மாமியாரா, பக்கத்து வீட்டுக்காரியா. கூடவே ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின். ஃபெரிட்டினுக்கு என் கைக்காசுதான் போகிறது. சிரிக்காதே.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பதைக் கேள். நாலு பக்க ஒப்புதல் படிவம். கமிட்டி சொன்ன திருத்தமெல்லாம் போட்டு, நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன். முதல் பத்தியை நான் படித்து முடிப்பதற்குள், எதிரே இருப்பவள், “எங்க கையெழுத்துப் போடணும்?” என்கிறாள். ஆய்வு என்றால் என்னவென்று சொல்லத் தொடங்கினால், “நீங்க சொன்னா சரிதாம்மா.” இவள் பையன் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தபோது தையல் போட்டவள் நான். மாமனார் சாகக் கிடந்த ராத்திரி வீட்டுக்குப் போனவள் நான். ‘மறுத்தாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது’ என்று படிவத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் நாளைக்கு நடுராத்திரியில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுதானே அவள் யோசிப்பாள்? எனக்கு இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

அதனால் நான் ஒதுங்கிக்கொண்டேன். மத்தியானம் நான் வீட்டுக்குப் போன பிறகு, ரிட்டையர் ஆன புஷ்பம் டீச்சர் பின்னறையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்காட்டிச் சம்மதம் கேட்கிறார். யார் மறுத்தார்கள் என்று என்னிடம் சொல்லக் கூடாது. ஏற்பாடு பிரமாதம், ஊர் விடுமா? மறுநாள் காலை வந்து, “டீச்சர் என்னமோ கேட்டாங்க, நீங்க என்ன சொல்லுதீங்க?” என்று நிற்கிறார்கள்.

போன வாரம் ஒருத்தி மகளுக்கு இருமல் என்று வந்தாள். உட்காரும் முன்பே, “நான் மாட்டேன்னுட்டேன் டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க” என்றாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வெளியாளிடம் இதையெல்லாம் எதற்குச் சொன்னாய் என்று சத்தம் போடுவாராம். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், விமலா! ஒருத்தியாவது மாட்டேன் என்று சொல்ல முடிகிறதே. கோபமே இல்லை என்று சொல்லிவிட்டு, குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. அளவுக்கு மீறி அன்பாக இருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. அதுவும் ஒரு நெருக்குதல் இல்லையா? அடுத்த தடவை அவள் கூச்சப்பட்டே சரி என்று சொல்லிவிடுவாளே.

அதோடு முடியவில்லை. அவள் கண் இமையும் வெளுத்துத்தான் இருந்தது. ஆய்வில் இல்லாதவளுக்கு, ஆய்வுக்கென்று நான் ஒதுக்கிய காசில் ஃபெரிட்டின் பார்க்க முடியாது. அவளுடைய டாக்டராக என்னால் சும்மா அனுப்பவும் முடியவில்லை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தேன், 7.8. மாத்திரை எழுதி, டீ குடித்தவுடன் போடாதே என்று சொல்லி அனுப்பினேன். அந்த எண் அவள் சீட்டில் இருக்கிறது, என் கம்ப்யூட்டரில் ஏறாது. ஏற்றக் கூடாது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வேண்டியவள் அவள்தான் என்பது வேறு கதை.

உன்னிடம் இரண்டு உதவி. படிவத்தை அனுப்புகிறேன், டாக்டராகப் படிக்காதே, மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பவளாகப் படித்து, எந்த இடத்தில் பயம் வருகிறது என்று சொல். இன்னொன்று, நாற்பது வயதுக்குள் யாருக்காவது ஆபரேஷன் என்று வேறெங்காவது எழுதிக் கொடுத்தால், இரண்டாவது அபிப்பிராயத்துக்கு உன்னிடம் அனுப்புவேன். ஃபீஸ் வாங்காதே. வாங்கினால் ஹாஸ்டல் மாடியில் நடந்ததை உன் மருமகளுக்கு எழுதுவேன்.

கோமதியிடம் படிவத்தைக் காட்டாதே, குரூப்பில் போட்டுவிடுவாள்.

உன்,
ராஜி