லேபிளில் ரெண்டு கட்டம்

16.11.2025
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுறது. உங்க கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆச்சு. தலையணைக்கு அடியிலதான் இருக்கு. ராத்திரி எடுத்துப் படிக்கிறேன், நாளைக்கு எழுதலாம்னு திரும்ப வச்சிடறேன். போன்லதான் பேசறோமே, கடிதம் எதுக்குன்னு தம்பி கேப்பான். போன்ல அம்மா "சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு அப்பாயிகிட்ட குடுத்துடும். அப்பாயி "எப்ப வர்றே"ன்னு ஆரம்பிச்சா அழுகையிலதான் போய் நிக்கும். அதுக்குள்ள மேல் லைன் வீட்டுல சிக்னல் போயிடும். நீங்க போனைத் தொடறதே இல்ல.

காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்க என்னதான் வேலை, வரிசையா எழுதுன்னு கேட்டிருந்தீங்க. முப்பத்தோரு வருஷம் எஸ்டேட் டிஸ்பென்சரியில கம்பவுண்டரா நின்னவர்கிட்ட மேலோட்டமா எழுதித் தப்பிக்க முடியுமா? அதான் பயந்து பயந்து தள்ளிப்போட்டேன்.

முதல்ல அம்மாவுக்கு. இங்கிலாந்துல குளிர் ஒண்ணும் இல்லை. நாலு வருஷம் ஊட்டியில படிச்சவ, ஜனவரி காலையில தலைகுந்தாப் புல்லு உப்பைத் தூவின மாதிரி கிடக்கிறதைப் பார்த்தவ, எனக்கு இதெல்லாம் ஒரு குளிரா? கூட வேலை பார்க்கிறவங்க அக்டோபர்லேர்ந்தே வீட்டுல ஹீட்டர் போட்டுடறாங்க. நான் போடறதே இல்ல, அம்மா குடுத்த கம்பளி போதும். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடறேன், நாப்பது நிமிஷம். பஸ் இருக்கு, ஆனா நடந்தா உடம்புக்கு நல்லதுதானே. சனிக்கிழமையும் போறேன், ரூம்ல சும்மா உட்கார்ந்து என்ன பண்றது. இருட்டுதான் இன்னும் பழகல. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுது. விடிஞ்சும் விடியாம கிளம்பி, ஜன்னல் இல்லாத அறையில நின்னு, இருட்டுல திரும்பறேன்.

சாப்பாடு பரவாயில்லை. பக்கத்துல சிலோன்காரர் கடை ஒண்ணு இருக்கு. போன மாசம் தேங்காய்ப்பூ வாங்கி அப்பாயி மாதிரி ரொட்டி சுட்டேன், கட்டச்சம்பலும் அரைச்சேன். ரொட்டி ஓடு மாதிரி வந்துச்சு. அப்பாயிகிட்ட நல்லா வந்துச்சுன்னு சொல்லிடுங்க. டீ விஷயத்தை மட்டும் டீமேக்கர் மாமாகிட்ட சொல்லாதீங்க. கொண்டுவந்த தூள் தீர்ந்துபோய் நூல் கட்டின பையை வெந்நீர்ல முக்கித்தான் குடிக்கிறேன்.

இப்ப ஆஸ்பத்திரி பார்மசியில என் வேலை. எட்டரைக்குக் கதவைத் திறந்ததும் முதல்ல மருந்து ஃபிரிட்ஜ். ராத்திரி சூடு எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு இறங்கிச்சுன்னு பார்த்து நோட்டுல எழுதணும். ரெண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. கரண்ட் போனா ஊசி மருந்தைத் தெர்மாஸ்ல போட்டுக்கிட்டு ஃபேக்டரி ஜெனரேட்டருக்கு ஓடுவீங்களே, அதே எட்டு டிகிரிதான். அப்புறம் எல்லாரும் நின்னுக்கிட்டே பத்து நிமிஷம் பேசுவோம். யார் லீவு, யார் எந்த வார்டு, எந்த மருந்து வரத்து இல்லை, அதுக்குப் பதிலா என்ன குடுக்கலாம். இங்கிலாந்துலயும் மருந்துத் தட்டுப்பாடு உண்டுப்பா.

வார்டு பார்மசிஸ்ட்டுங்க மேலே போயிடுவாங்க. புதுசா படுத்தவர் வீட்டுல என்ன மருந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார், டாக்டர் இங்க என்ன எழுதியிருக்கார்னு ரெண்டையும் ஒத்துப் பார்க்கணும். 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்கிறது முறை. அதுக்காகவே ஒரு பச்சைப் பை உண்டு. வீட்டுல இருக்கிற மாத்திரை அத்தனையும் அதுல போட்டு ஆளோடயே அனுப்பிடுவாங்க. ஒரு தடவை ஒரு பாட்டியம்மா பையில அஞ்சு வருஷத்துக்கு முன்னால இறந்துபோன வீட்டுக்காரரோட மாத்திரையும் இருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரலையாம். மேஸ்திரி மாமா மடியில முடிஞ்சு கொண்டுவந்து, "இந்தச் செகப்பு மாத்திரைதான்"னு காட்டுவாரே, அந்த ஞாபகம் வந்துச்சு.

கீழே இருக்கிறவங்களுக்கு வார்டு அலமாரியை நிரப்புறது, வந்த சரக்கைப் பிரிச்சு ரோபோவுக்குள்ள விடுறது, சீட்டுக்கு மருந்து எடுக்கிறது. ஆமா, ரோபோதான். ஒரு லைன் வீடு அளவுக்குக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு கை ஓடிக்கிட்டே இருக்கும். அகர வரிசையெல்லாம் அதுக்குக் கிடையாது. எங்க இடம் இருக்கோ அங்க வைக்கும், கேட்டதும் எடுத்துத் தள்ளும். அது தப்பு பண்றதில்ல. பாதி பிரிச்ச பெட்டியெல்லாம் வெளிய அலமாரியில இருக்கும். அங்க கை வைக்கிறது மனுஷங்க. ஆகஸ்ட்ல ஒருநாள் இளைப்புக்குக் குடுக்கிற பிரெட்னிசலோன் எடுக்க வேண்டிய இடத்துல, நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற புரோப்ரனலால் எடுத்துட்டேன். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி அட்டை. சரிபார்க்கிற அம்மா பார்த்துட்டாங்க. திட்டல, நோட்டுல எழுதினாங்க, அலமாரியில ரெண்டையும் தூரத் தூர மாத்தி வச்சாங்க, அவ்வளவுதான். எனக்குத்தான் அன்னிக்குச் சோறு இறங்கல. மூச்சு முட்டுற ஆளுக்கு அந்தப் புரோப்ரனலால் போயிருந்தா மூச்சு இன்னும் அடைச்சு என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

வேலையில கஷ்டம் மருந்து எடுக்கிறதுல இல்லப்பா, எதை முதல்ல எடுக்கிறதுங்கிறதுல இருக்கு. சீட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ட்ரே. கலர் கலரா ட்ரே, அவசரம்னா சிவப்பு. வந்த வரிசையில செஞ்சா நியாயம்னு தோணும், ஆனா அது நியாயமில்ல. பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை நேரம் தப்பினா உடம்பு இறுகிப்போய் முழுங்கவே முடியாது. வலிப்பு மருந்து, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கிற மருந்து, ரத்தத்துல விஷம் ஏறினவருக்கு ஆன்டிபயாடிக், இதெல்லாம் எப்ப வந்தாலும் முன்னால போகணும். அதுக்குள்ள வீட்டுக்குப் போறவங்க சீட்டு குவியும். டி.டி.ஓ.ன்னு சொல்லுவாங்க. பத்து மணிக்கு டாக்டர் "நீங்க போகலாம்"னு சொல்லிடுவார், சீட்டு எங்ககிட்ட ரெண்டரைக்கு வரும். அவர் கோட்டை மாட்டிக்கிட்டுக் கட்டில் நுனியில உட்கார்ந்திருப்பார், மகன் காரோட கீழே நிப்பார், நர்ஸ் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன். அதுல ஒருத்தருக்கு வேளை வேளையா மாத்திரை பிரிச்சு அடைக்கிற அட்டை வேணும்பாங்க, அது ஒண்ணே முக்கால் மணி நேரத்தைத் தின்னும்.

நீங்க ட்ரே இல்லாமலே செஞ்சீங்க. காலையில பேர் கூப்பிடுற பிரட்டு முடிஞ்சு கூட்டம் நின்னா, கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துட்டு, "கைப்பிள்ளைக்காரி முன்னால வா, அட்டைக்கடியெல்லாம் பின்னால போ"ம்பீங்க. பாட்டில்ல மிக்சர் ஊத்தி, வேளைக்கு ஒரு பல்லுன்னு காகிதப் பட்டையைக் கத்தரிச்சு ஒட்டுவீங்க. படிக்கத் தெரியாத அப்பாயிகூடப் பல்லை எண்ணிக் குடிச்சிடும். இங்க ஒவ்வொரு பெட்டிக்கும் அச்சடிச்ச லேபிள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் போடற மெத்தோட்ரெக்ஸேட்னா எந்தக் கிழமைன்னு பேர் போட்டு எழுதணும், தினமும் முழுங்கிட்டா உயிருக்கு ஆபத்து. லேபிள் ஓரத்துல சின்னதா ரெண்டு கட்டம் இருக்கும். எடுத்து வச்சவங்க முதல் கட்டத்துல கையெழுத்துப் போடணும், சரிபார்த்தவங்க ரெண்டாவதுல. என் கையெழுத்து முதல் கட்டத்துல வரும்.

கீழ்வீட்டுத் தாத்தா பத்தி அக்கா கேட்டிருந்தா. இருக்கார். தினமும் கதவைத் திறந்து இன்னிக்கு மழை வரும்பார், தினமும் வருது. எதுத்த வீட்டுக்காரங்க குப்பைத் தொட்டியைத் தப்பான கிழமையில வச்சா, அதை உருட்டிக்கிட்டுப்போய் அவங்க வாசலை மறிச்சு நிறுத்திட்டு வருவார். ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சுக்குதுன்னு டாக்டர் அவருக்குக் கொயினா மாத்திரை எழுதியிருக்கார். பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். 1860-கள்ல உங்க ஆளுங்கதான் இந்தக் கொயினா எடுக்கிற சிங்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவுலேர்ந்து கொண்டுவந்து எங்க தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் நட்டாங்க, நடுவட்டத்துல ஃபேக்டரியே இருந்துச்சுன்னு சொன்னேன். நம்பல. உங்க ஊர் வெயில் காடாச்சேங்கிறார். அவருக்கு இந்தியான்னா வெயில்தான். கரடி வந்து சமையல்கட்டுக் கதவை உடைச்சு எண்ணெய் குடிக்கும்னு சொன்னதைச் சுத்தமா நம்பல.

செவ்வாய்க்கிழமை ஒண்ணு நடந்துச்சு. மூணு மணி, டி.டி.ஓ. நெரிசல். மென்தாலும் யூகலிப்டஸும் கலந்து ஆவி பிடிக்கிற மருந்து பாட்டில் ஒண்ணு கை தவறி விழுந்து உடைஞ்சுச்சு. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டுக் கதவைத் திறந்துவிட்டாங்க. நான் துடைக்கிறேன்னு சொல்லிக் கீழே உட்கார்ந்தேன். ஊட்டி ரோட்டுல தைலம் காய்ச்சுற கொட்டகையைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள்ள ஒரு வாசம் வருமே, அதேதான். அம்மா என் நெஞ்சுல தேய்க்கிற கை, மழைக் கோணி, லைன்ல ஈர விறகுப் புகை, எல்லாம் சேர்ந்து வந்துச்சு. ஒரு தடவை துடைச்சா போதும். நான் மூணு தடவை துடைச்சேன். மேசை மேல சிவப்பு ட்ரே ஒண்ணு காத்திருக்குன்னு தெரியும்.

அப்பாயிக்கு நெஞ்சுச்சளி இப்ப எப்படி? வெந்நீர்ல தைலம் விட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்க, குடிக்கக் குடுத்துடாதீங்க. உங்க பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடறீங்கன்னு அம்மா சொல்லுச்சு. கம்பவுண்டர் செய்யற காரியமா இது? மாத்திரைக்குக் காசு தனியா எடுத்து வைங்க, மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்ல.

லைன் வீட்டை மார்ச்சுக்குள்ள காலி பண்ணணும்னா, கட்டபெட்டு இடத்துக்கு இப்பவே அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. பட்டா யார் பேர்லன்னு பாருங்க, வில்லங்கம் போட்டுப் பாருங்க. அரவேணு சித்தப்பா "நம்ம ஆளுதான்"னு சொல்றது பத்திரம் ஆகாது. சொசைட்டியில அம்மா சங்கிலிக்கு டிசம்பர் வட்டியை நான் அனுப்பறேன். இந்த மாசம் மட்டும் பத்து நாள் தள்ளிப்போகும், பேங்க்ல ஏதோ மாத்தறாங்க. அதுக்காகப் பெரியத்தைகிட்ட கை நீட்ட வேண்டாம். தம்பி ரெண்டு பேப்பர் அரியர் வச்சிருக்கிறதை உங்ககிட்ட சொல்லிட்டானா? சொல்லலைன்னா நான் சொன்னதா சொல்லாதீங்க. அக்காவை ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துடுங்க, கடைசி நேரத்துல அந்த ரோட்டுல பஸ்ஸுல வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பா

பி.கு: அந்த ரெண்டு கட்டம் எழுதின இடத்தை நீங்க திரும்பப் படிச்சிருப்பீங்கன்னு தெரியும். இங்க பார்மசிஸ்ட்டா நிக்கணும்னா இன்னும் ஒரு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி, அப்புறம் பரீட்சை. படிப்புக்குப் பணம் சேர்த்துக்கிட்டிருக்கேன். அம்மாவுக்கும் அப்பாயிக்கும் படிச்சுக் காட்டும்போது அந்தப் பத்தியை விட்டுடுங்க. மேஸ்திரி மாமாகிட்ட ஏற்கெனவே சொன்னது அப்படியே இருக்கட்டும்.