வடக்கே மலை, பிளானில் கழிப்பறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீடு-மனை பக்கத்தை வாராவாரம் விடாமல் படிப்பவள் நான். ஒரு வீட்டின் முகப்புப் படமும் கூடவே அதன் பிளானும் போடுகிறீர்கள். முப்பதுக்கு நாற்பது, கிழக்கு வாசல், இரண்டு படுக்கையறை, எல்லாம் சரி. அந்த வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது, அது எதைப் பார்த்து நிற்கிறது என்று மட்டும் ஒரு வரி இருப்பதில்லை. இது ஒரு குறையா என்று தோன்றலாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

மதுரை ஒத்தக்கடையில் மேலூர் சாலைக்குத் தெற்கே எங்களுக்கு ஐந்து செண்ட் மனை. அஞ்சல் துறை வேலையில் சீட்டுப் பிடித்துச் சேர்த்து வாங்கியது. தெரு கிழக்கே. வடக்கே நிமிர்ந்தால் ஆனைமலை, படுத்த யானையேதான். அந்த மலைக்காகத்தான் அங்கே வாங்கினேன்.

முதலில் பிடித்த இன்ஜினியர் மனைப் பக்கமே வரவில்லை. பத்திர நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் பிளான் அனுப்பினார். வடக்குச் சுவரில் ஈசான மூலையில் பூஜை அறை, அப்புறம் மாடிப்படி, அப்புறம் இரண்டு கழிப்பறை. அதாவது எங்கள் வீட்டில் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் கழிப்பறைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, வெண்டிலேட்டர் வழியாகப் பார்க்க வேண்டும். கேட்டதற்கு, "போன வருஷம் இதே அளவுல ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்தேன் மேடம், நல்லா வந்துச்சு" என்றார். எந்த இடத்தில் என்றேன். நாலு பக்கமும் வீடு நெருக்கிய ஒரு தெருவைச் சொன்னார். அங்கே அது நல்ல பிளானாகத்தான் இருந்திருக்கும்.

வீடு கட்டும் அனுமதிக்கு நாமே சான்று கொடுத்துக்கொள்ளலாம் என்று 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. ஒரு கையெழுத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, குறை சொல்லவில்லை. ஆனால் வரைபவரும் வராமல், அதிகாரியும் வராமல், மனையை முதன்முதலில் மிதிப்பவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வரும் ஆள் என்று ஆகிவிடுகிறது.

எங்களுக்கு அடுத்துப் பிளான் போட வந்தது ஒரு சின்னப் பெண். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, வெயிலிலேயே ஒரு மணி நேரம் நின்றாள். "எந்த நேரத்துல எங்க உட்காருவீங்கம்மா?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாடிப்படி, கழிப்பறை, சாமான் அறை எல்லாம் மேற்குக்குப் போயின. மாலை வெயிலின் சூட்டை அவையே வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று நினைத்திருந்தேன். சித்திரை பிறந்ததிலிருந்து பாதி ஆவணி வரை மதுரைக்கு உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும் என்று சொல்லி, இரண்டடிக்கு சன்ஷேடு போட வைத்தாள். அடுப்படி அக்னி மூலையிலேயே இருக்கிறது, அதில் அம்மாவுக்குத் திருப்தி. ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது தாளிக்கிற புகை வீட்டுக்குள் திரும்பாமல் கிழக்கே போய்விடுகிறது, அதில் எனக்கும் திருப்தி.

ஜன்னல் கதை தனி. எங்கள் பக்கம் மூன்றடி உயரத்தில் ஜன்னலை ஆரம்பிப்பதுதான் வழக்கம். அம்மாவுக்கு 84 வயது, பகலெல்லாம் தரையில் பாய்தான். தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் இரண்டரை அடி. மூன்றடி ஜன்னலில் வெறும் வானம்தான் தெரியும். தரை மட்டம் ஏறியதும் அம்மாவை அழைத்துப் போய்ப் பாய் விரித்து உட்கார வைத்து, மேஸ்திரி இரண்டு கம்பை நட்டுக் கண் மட்டத்தில் நூல் கட்டினார். ஜன்னலை ஒன்றரை அடியில் வைப்பது என்று முடிவானது. "இவ்வளவு தாழ்த்தி வச்சா தெருநாய் எட்டிப் பார்க்கும்க்கா" என்று முனகினார். பார்க்கிறதுதான். பூ டிசைன் கிரில் வேண்டாமென்று நேர்க்கம்பி போட்டோம். மழை நின்ற காலையில் பாறைமேல் தண்ணீர் வழிந்த கோடு கறுப்புக் கறுப்பாகத் தெரியும். அம்மா கம்பிக்குக் கம்பி எண்ணிக்கொண்டிருப்பாள்.

2010-இல் இந்த மலையில் சிற்ப நகரம் வரப்போகிறது என்றபோது சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். அப்படிக் காப்பாற்றிய மலைக்கு எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு முதுகைக் காட்டி நிற்கிறது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிளான் போடும்போது வடக்குக் குறியும், தெரு எந்தப் பக்கம், பக்கத்து மனையில் மரமா, கண்மாயா, மூன்று மாடி வீடா என்பதும் இரண்டு வரி போடுங்கள். படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் "இதே மாதிரி கட்டு" என்கிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் கிழித்து வைத்தவள்தான்.

எங்களுக்கு வடக்கே உள்ள மனை சென்ற மாதம் விற்றுப்போனது. வாங்கியவர் இதைப் படித்தால், வானம் தோண்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் எங்கள் மாடிக்கு வரட்டும். காபி தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஒத்தக்கடை, மதுரை