கலோரிக் கணக்குச் செயலிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

உணவையும் கலோரியையும் கணக்கு வைக்கும் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவற்றில் முதலீடு செய்தோருக்கும் வணக்கம்.

உங்கள் துறையின் சந்தை நிலவரம் என்றால் பதிவிறக்கமும் சந்தா வருவாயும்தான் பேசப்படுகின்றன. செயலியை இறக்கியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் சாப்பிட்டதைப் பதிகிறார்கள் என்ற கணக்கு எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

2005-இல் தொடங்கிய மைஃபிட்னஸ்பால் செயலியை, ஏறத்தாழ 8 கோடிப் பயனர்கள் இருந்த நிலையில், விளையாட்டு உடை விற்கும் அண்டர் ஆர்மர் 2015-இல் 47.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-இல் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடுபோயின. 2020-இல் அதே செயலி பிரான்சிஸ்கோ பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 34.5 கோடி டாலருக்குக் கைமாறியது. பயனர் தொகை பெருகினாலே மதிப்பும் பெருகும் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது. 2022-இல், உணவுப் பொட்டலத்தின் பார்கோடைப் படிக்கும் வசதி கட்டணப் பிரிவுக்குள் போனது. அச்செயலியின் உணவுப் பட்டியலில் பெரும்பங்கு பயனர்களே கூலியின்றிப் பதிந்தது என்பதை நினைத்தால், ஊர் கூடித் தேர் இழுத்த பிறகு வடம் பிடித்தவரிடமே கட்டணம் கேட்பது போன்றதுதான் இது.

அந்தப் பட்டியலின் தரம் வேறு கதை. சாம்பார் என்று தேடினால் ஆளுக்கொரு கலோரி எண் வருகிறது. 'ஒரு கப்' எவ்வளவு என்பதும், தேங்காய் அரைத்துவிட்டதா இல்லையா என்பதும் பதிந்தவருக்கே வெளிச்சம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருந்தாலும், அது அரிசி, பருப்பு, காய்கறி போன்ற மூலப் பொருள்களுக்கானது. குழம்பாகக் கொதித்த பிறகான கணக்கை யாராவது போட்டாக வேண்டும். 2012-இல் பெங்களூருவில் தொடங்கிய ஹெல்திஃபைமீ என்ற கலோரிக் கணக்குச் செயலிக்கு இந்தியச் சந்தையில் இடம் கிடைத்ததற்கு, இட்லிக்கும் ரொட்டிக்கும் அது முதலிலேயே கணக்கு வைத்தது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

சந்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் சந்தா குறித்த வழக்கில் எடைக் குறைப்புச் செயலி நடத்தும் நூம் நிறுவனம் 2022-இல் 6.2 கோடி டாலர் மதிப்பிலான சமரசத்துக்கு உடன்பட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாமல் செய்வதைத் தடைசெய்யப்பட்ட உத்திகளில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. எடை குறைக்கும் ஊசி மருந்துகள் பரவியதும் சேர்ந்து அழுத்த, எடைக் குறைப்புத் திட்டங்களைச் சந்தாவுக்கு விற்கும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரியதைப் பார்த்து, இருக்கும் சந்தாதாரரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் எண்ணம் உங்களுக்கு எழலாம், எழ வேண்டாம்.

ஆகவே, சேர்ந்த இடத்திலேயே, சேர்ந்த அதே எளிமையோடு சந்தாவை நிறுத்தும் வழி வையுங்கள். பயனர் பதிந்த உணவுக் குறிப்புகளை அவர் கட்டணமின்றி எடுத்துச் செல்ல விடுங்கள். நான் கேட்கும் ஆண்டுக் கணக்கில், நினைத்த எடையை எட்டி விலகியவர்களையும் சலித்து விலகியவர்களையும் தனித்தனியே காட்டுங்கள். இன்று உங்கள் வருவாய் ஏட்டில் இருவருமே இழப்பாகத்தான் எழுதப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் பயனர் ஒருவர்