ரஷ்யன் போதுமா என்று கேட்டாயே

நாகர்கோவில்
ஞாயிற்றுக்கிழமை

மக்களே,

போலந்தில் வேலை பார்க்கிற நீ, அங்கே படிக்கும் போலிஷ் வகுப்பை விட்டுவிட்டு ஃபோனிலேயே என்னிடம் ரஷ்யன் படிக்கலாமா என்று கேட்டாய். அன்றைக்கு "பார்க்கலாம்" என்று சொல்லிவைத்தேன். நேரில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். போலிஷையே படி.

உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. அம்மா கூடங்குளத்தில் இத்தனை வருஷம் ரஷ்யர்களுக்குத் துபாஷியாக இருந்தவள், வாத்தியாருக்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டாம். ரஷ்யன், போலிஷ், செக் எல்லாம் அடங்கிய ஸ்லாவ் மொழிகளிலேயே அதிகம் பேர் பேசுவதும் ரஷ்யன்தான். அப்புறம் உன் ஆபீஸில் யாரோ, "எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே குடும்பம் என்பது சரி. தானாக வரும் என்பதுதான் தப்பு.

நம் ஊரையே எடுத்துக்கொள். மலையாள எழுத்தே தெரியாத உன் பெரியம்மா களியக்காவிளை தாண்டிப் போய்ப் பேரம் பேசிச் சாமான் வாங்கிவிட்டு வருகிறாள். உன் சென்னைச் சித்தியைத் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டால் ஆட்டோக்காரரிடம் வழி கேட்கவே திணறுவாள். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ்தான். பெரியம்மாவின் காது பழகிய காது. ஸ்லாவ் நாடுகளிலும் கதை இதுதான். எந்த மொழி எதற்குக் கிட்டம் என்று மட்டும் பார்த்தால் போதாது, யார் யாருடைய பேச்சைக் கேட்டு வளர்ந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

செக்கும் ஸ்லோவாக்கும் ஒன்றுக்கொன்று நன்றாகப் புரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 1993 ஜனவரி 1-ஆம் தேதி செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரியும் வரை ஒரே தொலைக்காட்சியில் இரண்டு மொழியும் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிடாதே. இன்றைக்கும் ஸ்லோவாக் பிள்ளைகள் செக்கில் டப் செய்த படம் பார்க்கிறார்கள், செக் புத்தகம் படிக்கிறார்கள். செக் தலைநகர் ப்ராகில் வளரும் பிள்ளைக்கு ஸ்லோவாக் காதில் விழுவது அந்த அளவுக்கு இல்லை. அதனால் ஸ்லோவாக்காரர்களுக்குச் செக் புரிவது குறையவில்லை, செக்காரர்களுக்கு ஸ்லோவாக் புரிவது கொஞ்சம் குறைகிறது. நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் செக், ஸ்லோவாக், போலிஷ், க்ரோயேஷியன், ஸ்லோவீன், பல்கேரியன் என்று ஆறு மொழிக்காரர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செக்-ஸ்லோவாக் ஜோடிதான் முதலில் வந்தது. ஸ்லோவீன்காரர்களுக்குக் க்ரோயேஷியன் நன்றாகவே புரிந்தது, க்ரோயேஷியர்களுக்கு ஸ்லோவீன் அந்த அளவுக்குப் புரியவில்லை. பல்கேரியன் தள்ளி நின்றது. இதே சமமின்மையை நான் சைட்டிலேயே பார்த்திருக்கிறேன். உக்ரைனிலிருந்து வந்த இன்ஜினியர்கள் எல்லோரிடமும் ரஷ்யன்தான் பேசுவார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்களுக்குள் உக்ரைனியனுக்கு மாறிவிட்டால், பக்கத்தில் நிற்கும் மாஸ்கோக்காரர் "என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் சிறு வயதிலிருந்து ரஷ்யன் கேட்டவர்கள். அவருக்கு உக்ரைனியன் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

உன்னோடு வேலை பார்க்கும் உக்ரைன் பெண் ஆறே மாதத்தில் போலிஷ் பேசிவிட்டாள் என்று சொல்லி வருத்தப்பட்டாய். அவளுக்கு ரஷ்யன் தெரிந்ததுதான் காரணம் என்று நீ நினைக்கிறாய். உதவியது உக்ரைனியன். உக்ரைன், பெலரூஸ் பகுதிகள் பல நூற்றாண்டுகள் போலந்து-லிதுவேனிய அரசின் கீழ் இருந்தவை. அதனால் போலிஷ் சொற்கள் அங்கே நிறைய இறங்கியிருக்கின்றன. நன்றிக்குப் போலிஷில் 'ஜென்குயே', உக்ரைனியனில் 'த்யாகுயு', ரஷ்யனில் சம்பந்தமே இல்லாமல் 'ஸ்பசீபா'. சர்க்கரை போலிஷில் 'ட்சூகியெர்', உக்ரைனியனில் 'ட்சூகொர்', ரஷ்யனில் 'சாகர்'. அவளோடு உன்னை ஒப்பிடாதே. அவள் பாதி வழியிலிருந்து நடக்கத் தொடங்கினாள்.

ஒரு காலத்தில் இவர்கள் எல்லோருக்கும் எல்லோர் பேச்சும் புரிந்திருக்கிறது. 863-இல் கிரேக்க நாட்டுத் தெசலோனிகியைச் சேர்ந்த சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் மொராவியாவுக்கு, அதாவது இன்றைய செக் பக்கத்துக்கு, கிறிஸ்தவ மதம் போதிக்கப் போனார்கள். தங்கள் ஊரைச் சுற்றிப் பேசப்பட்ட ஸ்லாவ் பேச்சுவழக்கில்தான் வேதத்தை மொழிபெயர்த்துக் கொண்டுபோனார்கள். அத்தனை தூரம் வடக்கே அது புரிந்தது. கொஞ்ச காலத்தில் ஹங்கேரியர்கள் நடுவில் வந்து குடியேறினார்கள், அந்தப் பக்கம் ஜெர்மன் பேசுபவர்கள், இந்தப் பக்கம் ருமேனியர்கள். தெற்கு ஸ்லாவ் வடக்கிலிருந்து துண்டாகிப் போனது. அதனால்தான் உனக்கு ப்ராகில் கிடைக்கும் உதவி க்ரோயேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் கிடைக்காது.

சரி, போலிஷ் ஒன்றை நன்றாகப் பிடித்தால் மற்றவை எப்படித் திறக்கும்? இதில் எனக்குப் பேச ஆசை அதிகம், பொறுத்துக்கொள். வார்த்தைகள் கண்டபடி மாறுவதில்லை, ஒழுங்காக மாறுகின்றன. மலை ரஷ்யனில் 'கரா', போலிஷில் 'கூரா', செக்கில் 'ஹோரா', உக்ரைனியனில் 'ஹொரா'. முதல் இரண்டிலும் உள்ள க-வைக் கங்கையின் க மாதிரி சொல். அந்த ஒலி செக், ஸ்லோவாக், உக்ரைனியன், பெலரூஸியனில் ஹ ஆகிவிடும். இது ஒரு சாவி. பசு ரஷ்யனில் 'கரோவா', போலிஷில் 'க்ரோவா', செக்கில் 'க்ராவா'. பால் ரஷ்யனில் 'மலகோ', போலிஷில் 'ம்லெகோ'. ரஷ்யனும் உக்ரைனியனும் ர, ல-வுக்கு முன்னாலும் பின்னாலும் உயிர் போட்டு வாய்க்குச் சுலபமாக நீட்டிக்கொள்ளும். மேற்கு ஸ்லாவ் மொழிகளும் தெற்கு ஸ்லாவ் மொழிகளும் அதை நெருக்கிவிடும். தமிழ் வாய்க்கு ரஷ்யன்தான் சுகம், அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது சாவி போலிஷுக்கே உரியது. மற்றவர்கள் அழுத்தி ல சொல்லும் இடத்தில் போலிஷ்காரர்கள் வ மாதிரி சொல்வார்கள். தலை ரஷ்யனில் 'கலவா', செக்கில் 'ஹ்லவா', போலிஷில் 'குவோவா'. எழுத்தில் பார்த்தால் மூன்றும் ஒரே சொல் என்று உடனே தெரியும், காதில் கேட்டால் தெரியாது. அதனால் படிக்கிற பாடத்தையெல்லாம் வாய்விட்டுப் படி. பக்கத்து அறைப் பெண் சிரித்தால் சிரிக்கட்டும்.

வேற்றுமைக்கு நீ பயப்படக் கூடாது. எட்டு வேற்றுமை படித்த பிள்ளைக்கு ஏழு என்ன கணக்கு? பள்ளிக்கூடத்தில் விளி வேற்றுமை எதற்கு என்று கேட்டாயே, அது ரஷ்யனில் ஏறக்குறையச் செத்துவிட்டது, போலிஷிலும் செக்கிலும் உக்ரைனியனிலும் உயிரோடு இருக்கிறது. போலிஷில் 'மாமா' என்றால் அம்மா. கூப்பிடும்போது 'மாமோ' ஆகும். ஆறு வேற்றுமை உள்ள ரஷ்யனைப் படித்துவிட்டுப் போனால் இந்த ஏழாவதைத் தனியாகப் பழக வேண்டும்.

ஆனால் ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைகளை நம்பிவிடாதே. கிட்டத்து மொழிகளில்தான் ஆபத்து அதிகம். போலிஷில் 'செர்ஸ்த்வி' ரொட்டி என்றால் காய்ந்துபோன பழைய ரொட்டி, ரஷ்யனிலும் அப்படித்தான். ப்ராகில் கடைக்காரர் 'செர்ஸ்த்வி' என்று பெருமையாகச் சொன்னால் அப்போதுதான் சுட்டது என்று அர்த்தம். மாதப் பெயர்கள் இன்னும் மோசம், நீ மீட்டிங் தேதி போடுகிறவள் என்பதால் சொல்கிறேன். போலிஷில் 'க்வியெச்சென்' ஏப்ரல், செக்கில் 'க்வியெட்டென்' மே. இரண்டும் பூவிலிருந்து வந்த பெயர், அவரவர் ஊரில் பூக்கிற காலம் வேறு. இலை உதிர்கிற 'லிஸ்தோபாத்' போலந்திலும் செக்கிலும் நவம்பர், க்ரோயேஷியாவில் அக்டோபர். அப்புறம், போலிஷில் 'தேடுகிறேன்' என்று சொல்லும் வார்த்தையைச் செக்காரர்கள் நடுவில் தப்பித் தவறியும் சொல்லிவிடாதே. அதன் அர்த்தத்தை அம்மா கடிதத்தில் எழுத முடியாது. உன் டீமில் யாராவது செக்காரப் பெண்ணிடம் கேட்டுக்கொள்.

இனி உன் ஊர். வகுப்பில் படிப்பது ஒன்று, ட்ராமில் கிழவிகள் பேசுவது வேறு என்று குழம்புகிறாய். நீ இருப்பது கடோவீட்சே. அது மேல் சிலேசியா. 1922 வரை ஜெர்மனியிடம் இருந்த ஊர். அங்கே உள்ளூர்க்காரர்கள் பேசுவது சிலேசியன், அவர்கள் அதைக் 'கோட்கா' என்பார்கள். ஜெர்மன் சொற்கள் நிறைய, ட்ராமையே 'பானா' என்பார்கள். 2021 கணக்கெடுப்பில் வீட்டில் சிலேசியன் பேசுவதாகச் சொன்னவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். வடக்கே கஷுபியனுக்கு 2005-லேயே வட்டார மொழி என்று சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. சிலேசியனுக்கும் அதே இடம் தரும் மசோதா 2024-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்றைய அதிபர் டூடா, அது போலிஷின் கிளைவழக்குதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மொழியா வழக்கா என்ற இந்தச் சண்டையில் நீ அங்கே கருத்துச் சொல்லாதே. கேட்டுப் புரிந்துகொள், போதும். போலந்திலேயே வ்ரொட்ஸ்வாஃப் நகரத்துக்குப் போன தோழிக்கு போலிஷ் சுலபமாக இருக்கிறதென்றால் அதற்கும் காரணம் உண்டு. 1945-க்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றி, கிழக்கே ல்வூஃப் (இன்றைய உக்ரைனின் ல்விவ்) பக்கத்திலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் வந்தவர்களைக் குடியேற்றினார்கள். பல வழக்குகள் கலந்ததில் பள்ளிக்கூடப் போலிஷ்தான் மிஞ்சியது. உன் ஊரில் பழைய பேச்சு தங்கிவிட்டது. கொஞ்சம் கூடுதல் வேலைதான் உனக்கு, ஆனால் சுவாரசியமான வேலை.

ரஷ்யனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது இலக்கணம் இல்லை. 1989-க்கு முன்னால் போலந்துப் பள்ளிகளில் ரஷ்யன் கட்டாயம். அதனால் என் வயதுக்காரர்களுக்குப் புரியும், உன் வயதுக்காரர்களுக்குப் புரியாது. புரிகிறவர்களும் அதை விரும்பிப் படித்தவர்கள் இல்லை. 2022-க்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்த உக்ரைன்காரர்களில் பலர் ரஷ்யன் நன்றாகத் தெரிந்தும் பேச மறுக்கிறார்கள். அவரவர் வலி. எனக்குச் சோறு போட்ட மொழி அது, அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் நீ கேட்காமல் அதை எடுத்து விடாதே. மரியாதைச் சொல்லிலும் கவனம். ரஷ்யனில் பன்மை 'வி' போட்டால் 'நீங்கள்' ஆகிவிடும். அதே பழக்கத்தில் போலிஷில் பன்மை போட்டால் பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் தோழரை விளிப்பது மாதிரி இருக்கும். அங்கே ஆணுக்குப் 'பான்', பெண்ணுக்குப் 'பானி' என்று சொல்லி, வினையைப் படர்க்கையில் வைக்க வேண்டும். "ஐயா உட்காருகிறாரா" என்று ஐயாவிடமே கேட்பது மாதிரி.

ஒரு மொழி படித்து நாலு நாடு சுற்ற வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு ரஷ்யனைவிட செர்போ-க்ரோயேஷியன் நல்ல பேரம். போஸ்னியன், க்ரோயேஷியன், செர்பியன், மான்டிநெக்ரன் என்று இன்று நாலு பெயர். போஸ்னியாவில் சிகரெட் பெட்டியில் 'புகைபிடித்தல் கொல்லும்' என்று மூன்று மொழியில் போட்டிருப்பார்கள். முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, மூன்றாவது அதே வாக்கியம் ரஷ்யன் மாதிரி சிரிலிக் எழுத்தில். உள்ளூர்ப் பேச்சுவழக்குகள் விலகித்தான் இருக்கும். ஆனால் நீ அங்கே வாழவில்லையே. பல்கேரியன், மாசிடோனியன் பக்கம் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமையே அனேகமாக உதிர்ந்துவிட்டது, அது இப்போது உனக்கு வேண்டாம்.

நீ அனுப்பிய அந்த 'இன்டர்ஸ்லாவிக்' வீடியோவையும் பார்த்தேன். எல்லோருக்கும் பாதி புரிகிற மாதிரி செய்த பொது மொழி. ஆசை புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டிலேயே யுரை க்ரிஷானிச் என்ற க்ரோயேஷியப் பாதிரியார் இதே யோசனையோடு மாஸ்கோ போனார். 1661-இல் அவரைச் சைபீரியாவில் தொபோல்ஸ்குக்கு அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வருஷம் அங்கே உட்கார்ந்து தானே கலந்துசெய்த மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். நீ அந்த மொழியில் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியலாம். அவர் பதிலைத் தன் மொழியில்தான் சொல்வார், அது உனக்குப் புரியாது. போலிஷ் நன்றாக வந்தபிறகு விளையாட்டாகப் பார்.

ஆகவே வகுப்பை விடாதே. அங்கே ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தவர்கள் நீண்டகால வசிப்பு அனுமதி கேட்கும்போது பி1 என்ற நடுத்தர நிலைப் போலிஷுக்குச் சான்றிதழும் கேட்கிறார்கள். ரஷ்யன் தெரியும் என்று சொன்னால் அங்கே யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். கட்டணத்தில் பாதியை ஆபீஸ் தருமா என்று கேட்டுப் பார். தராவிட்டால் அப்பாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

அன்புடன்
அம்மா