நிலக்கரிக் கடனும் உங்கள் மனுவும்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். கல்லூரி அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்காக நீயும் உன் தோழர்களும் எழுதியிருக்கும் மனுவைப் படித்தேன். அறக்கட்டளை தன் பணத்தை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மாணவன் என்ற முறையில் என் கையெழுத்தையும் கேட்டிருக்கிறாய். கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மனு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். உன் குழுவில் உள்ள மற்றவர்களும் என் கருத்தைக் கேட்டிருப்பதால், வீட்டுக் கூடத்தில் பேசி முடிக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலீட்டை விலக்கிக்கொள்ளச் சொல்லும் இந்த இயக்கம் ஏன் பல்கலைக்கழகங்களைப் பிடித்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2012இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் எழுத்தாளர் பில் மெக்கிபன் ஒரு கணக்கை மக்கள் முன் வைத்தார். புவி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் ஏறாதிருக்க வேண்டுமானால் உலகம் இனி வெளியிடக்கூடிய கரியமில வாயு 565 கிகா டன் (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்) என்றும், நிறுவனங்களும் நாடுகளும் தம் கையிருப்பாகக் காட்டியிருந்த எரிபொருளை எல்லாம் எரித்தால் வெளியாவது 2,795 கிகா டன் என்றும் அது சொன்னது. ஐந்தில் நான்கு பங்கு பூமிக்குள்ளேயே கிடந்தாக வேண்டும் என்றால், அந்தக் கையிருப்பை நம்பிப் பங்கு வாங்கியவர்களின் பணம் என்னவாகும்? மாணவர்கள் இந்தக் கேள்வியோடு தங்கள் பல்கலைக்கழக நிர்வாகங்களின் முன் போய் நின்றார்கள். ஹார்வர்டு 2013இல் முடியாது என்றது. 2019 நவம்பரில் ஹார்வர்டு, யேல் அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் இரு பல்கலைக்கழக மாணவர்களும் மைதானத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். 2021 செப்டம்பரில் ஹார்வர்டு தன் நிலையை மாற்றிக்கொண்டது.

அங்கே அந்தக் கோரிக்கைக்குப் பொருள் இருந்தது, ஏனென்றால் ஹார்வர்டின் முதலீட்டு நிதி 4,000 கோடி டாலருக்கும் மேல். உங்கள் கல்லூரி அறக்கட்டளையிடம் என்ன இருக்கிறது? கட்டடங்கள், கொஞ்சம் நிலம், கடை வாடகை, வங்கியில் போட்டு வைத்த நிரந்தர வைப்புத் தொகை. வருமான வரி விலக்குப் பெறும் அறக்கட்டளைகள் எங்கெங்கே பணம் போடலாம் என்று சட்டமே பட்டியல் வைத்திருக்கிறது. தனியார் நிறுவனப் பங்குகளை நேரடியாகச் சந்தையில் வாங்குவதற்கு அதில் பொதுவாக இடமில்லை. ஆகவே இல்லாத பங்குகளை விற்கச் சொல்லி ஊர்வலம் போகிறீர்கள். செயலாளர் மனுவை வாங்கி, புன்னகையோடு கையெழுத்திட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்வார். அவருக்கு ஒரு பைசா செலவில்லை, நிலக்கரிக்கும் ஒரு பைசா நட்டமில்லை.

ஆனால் அந்த வைப்புத் தொகை வங்கியில் சும்மா தூங்குவதில்லை. உன் அப்பாவின் பி.எஃப். பணமும் அப்படித்தான். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2015 ஆகஸ்டு முதல் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில், அதாவது ஒரு குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கும் நிதிகளில், போட்டு வருகிறது. முதலில் 5 விழுக்காடாக இருந்தது 2017இல் 15 விழுக்காடானது. நிஃப்டி குறியீட்டில் நிலக்கரி வெட்டும் கோல் இந்தியா, எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி., அனல்மின் நிலையங்கள் நடத்தும் என்.டி.பி.சி. எல்லாம் இருக்கின்றன. பொதுத்துறைப் பங்குகளை மட்டும் கொண்ட சி.பி.எஸ்.இ. (CPSE) நிதியிலும் பி.எஃப். பணம் போயிருக்கிறது, அதிலும் இவை முக்கிய இடம் பெறுகின்றன. மதுரையில் பஞ்சாலையிலோ தனியார் மருத்துவமனையிலோ சம்பளம் வாங்கும் ஒருவர் தனக்குத் தெரியாமலே நிலக்கரிச் சுரங்கத்தின் சிறு பங்காளி. இதைக் கேட்டதும் உன் தோழர்கள் மனுவை பி.எஃப். அலுவலகத்துக்குத் திருப்பி, விற்கச் சொல்லி எழுதுவார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

சந்தையில் ஒரு பங்கை விற்றால் அதை இன்னொருவர் வாங்குகிறார். நிறுவனத்தின் கல்லாவிலிருந்து எதுவும் குறைவதில்லை. கோல் இந்தியாவில் ஏறக்குறைய 63 விழுக்காடு மத்திய அரசிடம் இருக்கிறது. பி.எஃப். விற்றுவிட்டுப் போனால் அரசு அஞ்சப் போவதில்லை, ஈவுத்தொகைக்கு ஆசைப்படும் வேறொருவர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இந்த விலக்கல் இதுவரை ஒரு டன் உமிழ்வைக்கூடக் குறைத்திருக்காது என்கிற பொருளில் பில் கேட்ஸ் 2019இல் சொன்னது இதை வைத்துத்தான். நான் முழுக்க அவர் கட்சி இல்லை. பங்கைப் பற்றி அவர் சொன்னது சரி. புதிய கடன், புதிய கடன்பத்திரம், காப்பீடு என்று சுரங்கமும் மின்நிலையமும் பிறக்கும் இடத்தில் கொட்டும் பணத்துக்கு அது பொருந்தாது.

இதற்கு நம் ஊர்த் தெருவெல்லாம் கிளை வைத்திருக்கும் பாரத ஸ்டேட் வங்கியே சாட்சி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதானி குழுமம் திட்டமிட்ட கார்மைக்கேல் சுரங்கத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் தருவது பற்றி ஸ்டேட் வங்கி 2014 நவம்பரில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கடன் அப்போது கைகூடவில்லை. அங்குள்ள இயக்கத்தவர் ஒவ்வொரு வங்கியாக, ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமாகப் போய் நின்றார்கள். பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. 1,650 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் ஆண்டுக்கு 6 கோடி டன் வெட்டுவதாக இருந்த திட்டம், 2018 நவம்பரில் குழுமம் தன் சொந்தப் பணத்தில் செய்வதாக அறிவித்தபோது 200 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. 2020இல் ஸ்டேட் வங்கி மீண்டும் கடன் தரப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த நவம்பரில் சிட்னியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் போட்டியில் ஒருவர் ஆடுகளத்துக்குள்ளேயே அட்டையோடு ஓடி வந்தார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். வங்கியை உலுக்கியது அந்த அட்டையைவிட, அதே நாட்களில் பிரான்சின் அமுண்டி முதலீட்டு நிறுவனம் விடுத்த எச்சரிக்கையாகத்தான் இருக்கும்: சுரங்கத்துக்குக் கடன் கொடுத்தால் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கென்று நீங்கள் வெளியிட்டு எங்களிடம் இருக்கும் பசுமைக் கடன்பத்திரங்களை விற்றுவிடுவோம் என்றது. சுரங்கம் நிற்கவில்லை, 2021 இறுதியில் முதல் சரக்கு ஏற்றுமதிக்குத் தயாராகிவிட்டது. ஆனால் வெட்ட நினைத்ததில் சிறு பகுதிதான் வெட்டப்படுகிறது. இதை முழு வெற்றி என்று மேடையில் பேசாதே. முழுத் தோல்வி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அனல்மின் திட்டத்துக்குப் பெரும்பாலும் 70 பங்கு கடன், 30 பங்கு முதலாளி போடும் பணம். ஒரே வங்கி அவ்வளவும் கொடுக்காது. ஒரு வங்கி முன்னின்று மதிப்பிட, மற்றவை கூட்டாகச் சேரும். மேசைக்கு வரும் ஒப்புதல் குறிப்பில் நிலக்கரி வழங்கல் ஒப்பந்தம் இருக்கிறதா, மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் இருக்கிறதா, ஆண்டு வருமானம் தவணைக்கும் வட்டிக்கும் எத்தனை மடங்கு என்று பத்தி பத்தியாக இருக்கும். மின் கொள்முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் 25 ஆண்டுக்கு. 25 ஆண்டு கழித்து அந்த மின்சாரத்தை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற பத்தியைத்தான் அந்தக் குறிப்புகளில் நான் தேடித் தேடிப் பார்த்தும் கண்டதில்லை.

இப்படிக் கொடுத்த கடன்கள் என்ன ஆயின என்பதை நாடாளுமன்ற நிலைக்குழுவே 2018இல் எழுதி வைத்திருக்கிறது: நெருக்கடியில் சிக்கிய அனல்மின் திட்டங்கள் 34, திறன் 40,130 மெகாவாட், கடன் நிலுவை சுமார் 1.74 லட்சம் கோடி ரூபாய். அதற்குக் காரணம் பருவநிலை அன்று. நிலக்கரி கிடைக்கவில்லை, வாங்க ஆளில்லை, மின்வாரியங்கள் நேரத்துக்குப் பணம் தரவில்லை. அந்த நட்டத்தைச் சுமந்ததில் பெரும் பங்கு பொதுத்துறை வங்கிகளுக்கு, அதாவது வைப்புப் போட்டவர்களுக்கு. இதற்குப் பிறகும் 2031-32க்குள் குறைந்தது 80,000 மெகாவாட் புதிய அனல்மின் திறன் வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் பழைய மேசைகளில் புதிய குறிப்புகள் வந்து விழும் காலம் இது. உங்கள் மனு இந்த நேரத்தில் கல்லூரி முற்றத்தில் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தியர் ஒருவரின் கரியமில வாயு உமிழ்வு அமெரிக்கருடையதில் ஏழில் ஒரு பங்குதான், நாம் ஏன் முதலில் கைவிட வேண்டும் என்று உங்களிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதிய கடனை மட்டும் பற்றிப் பேசினால் அதற்குப் பதில் சொல்வது எளிது. தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்களை நாளைக்கே மூடு என்று எழுதினால், மே மாதத்து இரவு ஏழு மணிக்கு அண்ணாநகரில் மின்விசிறி எப்படிச் சுற்றும் என்று உன் அம்மாவே கேட்பாள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா இருக்கிறது. அந்த நேரத்தில் அது உறங்கிவிடும். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கும் சேமிப்புக் கலன்களுக்கும் நீரேற்று மின் திட்டங்களுக்கும் அதே வங்கிகள் எவ்வளவு கடன் கொடுக்கின்றன என்று திருப்பிக் கேளுங்கள்.

அரிட்டாபட்டியை நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறீர்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு வந்ததும், அம்மாதம் 23ஆம் நாள் ஏலம் ரத்தானதும் நம் கண்முன் நடந்தவை. அங்கே மலையும் கண்மாயும் அவர்கள் ஊரில் இருந்தன; கிராம சபை இருந்தது; யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் வெட்டப்படும் நிலக்கரி விஷயத்தில், மின்சாரத்தைத் தவிர, மதுரைக்கு இருக்கும் பிடி நாம் போட்டு வைத்த பணம் ஒன்றே.

ஆகவே மனுவை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதை அறக்கட்டளைச் செயலாளரிடமே கொடுங்கள், ஆனால் பங்கை விற்கக் கேட்காதீர்கள். வைப்புத் தொகை இருக்கும் வங்கிக்கு, ஒரு வாடிக்கையாளர் என்ற முறையில், புதிய அனல்மின் திட்டங்களுக்குக் கடன் கொடுப்பது பற்றி உங்கள் கொள்கை என்ன என்று அவர் கடிதம் எழுதக் கேளுங்கள். பெரிய வைப்புக்காரர் கேட்டால் கிளை மேலாளர் அதை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியே தீருவார். இரண்டாவது, வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் வாரியத்துக்கு. அதில் தொழிலாளர் தரப்புக்குப் பத்து இடங்கள் உண்டு. மத்தியத் தொழிற்சங்கங்கள் சார்பில் வருகிறவர்கள் அவர்கள். உன் அப்பாவின் சங்கத்துக்காரர்கள் வழியாகவே அவர்களை எட்டலாம். குறியீட்டு நிதியைத் தேர்ந்தெடுக்கும்போது நிலக்கரி சார்ந்த இடர் கணக்கில் வருகிறதா என்ற கேள்வி போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் வங்கிகளிடம் தனிக் கடன் விவரம் கேட்டால் வணிக இரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதனால் மொத்தத் தொகையை மட்டும், ஆண்டுவாரியாக, நிலக்கரி மின்சாரத்துக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

திருத்திய வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. வங்கிக்கான கடிதத்தின் முதல் பத்தியை நான் எழுதித் தருகிறேன். அங்கே எந்த வார்த்தையைப் பார்த்தால் கோப்பை மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
மாமா