இரவு ரோஸ்டரை யார் கேட்பது?

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

நலம், உன் நலமறிய ஆவல். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கிணறுகள் நிறைந்துவிட்டன, வாட்டுகளும்தான். டெங்குக் காலம்.

‘அங்கே எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று, தரச்சான்று என்கிறார்கள், ஒரு நேர்ஸுக்கு இத்தனை நோயாளர்தான் என்று சட்டமாக்கச் சொல்லி ஏன் பெரிதாக ஒருவரும் கேட்பதில்லை?’ என்று எழுதியிருந்தாய். சான்றிதழுக்குச் செலவு எப்போதாவது ஒருமுறை. ஆளுக்கு மாதாமாதம் சம்பளம், பிறகு பென்ஷன். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ் ஆளணியைக் கூட்டுவதென்றால் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும், அதாவது திறைசேரி தலையாட்ட வேண்டும். எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கதவைத் தட்டுவதைவிட, ஒரு தர விருதை வாங்கிப் படம் எடுப்பது சுகம்.

‘ஒரு நேர்ஸுக்கு எட்டு நோயாளர்’ என்று மேடையில் சொல்கிறவர்களும் கணக்கைக் கடைசிவரை போடுவதில்லை. நாற்பது நோயாளர் உள்ள ஒரு வாட்டை எடு. காலை 7 முதல் 1 வரை ஐந்து பேர், 1 முதல் இரவு 7 வரை ஐந்து பேர். இரவு 7 முதல் காலை 7 வரை, ஒருவருக்குப் பத்துப் பேராக, நாலு பேர். நாளொன்றுக்கு 30 + 30 + 48, ஆக 108 மணித்தியாலம். கிழமைக்கு 756. ஒருவர் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் 19 பேர் வேண்டும். லீவு, சுகயீனம், பிரசவ விடுமுறை, பயிற்சி என்று ஐந்தில் ஒரு பங்கு போனால் 24. வாட்டில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து பேர், சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டியது 24 பேர். பதினாறு பேர்தான் இருந்தால் மிச்சத்தை ஓவர்ரைம் நிரப்பும். ரோஸ்டரில், அதாவது டியூட்டிப் பட்டியலில், ஐந்து பெயர் சரியாக இருக்கும், அதில் இரண்டு பெயர் முதல்நாளும் இரட்டை டியூட்டி பார்த்த பெயர். 2025 வரவு செலவுத் திட்டத்தோடு மேலதிக நேரக் கொடுப்பனவுக் கணக்கு மாறியபோது சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. அதை வெறும் சம்பளச் சண்டையாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். அந்தக் காசுதான் உந்த ஓட்டையை இவ்வளவு காலமும் அடைத்துக்கொண்டிருந்தது.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நோயின் பாரம் வேறு. டெங்கு நோயாளி ஒருவர், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டத்துக்குள் போனால் 24 முதல் 48 மணித்தியாலம் வரை, மணிக்கொரு தடவை நாடி, பிரஷர், மூச்சு, கை கால் சூடு, சிறுநீரின் அளவு எல்லாம் எழுத வேண்டும். மூன்று நாலு மணிக்கொரு தடவை, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் பீ.சீ.வி. சோதனை. பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்கு இறங்கினால் ஷொக், இரத்த ஓட்டம் தளர்ந்து உயிருக்கே ஆபத்தான நிலை. ஒருவருக்கு ஏழு நிமிஷம் என்று வை. இப்படி ஆறு பேர் இருந்தால் ஒவ்வொரு மணியிலும் 42 நிமிஷம் அங்கேயே போய்விடும். இரவு நின்ற நாலு பேரில் ஒருவரை அந்த ஆறு கட்டிலுமே எடுத்துவிடும். மிச்சம் 34 பேருக்கு மூன்று பேர்.

ஆள் போதாவிட்டால் முதலில் விடுபடுவது மருந்து அல்ல. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடுவதும் வாய் துடைத்துவிடுவதும் முதலில் போகும். அடுத்தது மூச்சு எண்ணுவது. ஒரு நிமிஷம் முழுதாக நின்று நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டிய வேலை அது, பிரஷர் மெஷின் சொல்லித் தராது. நெருக்குப்பட்ட வாட்டின் சார்ட்டைப் புரட்டிப் பார்: 20, 20, 20, 20. உடம்பு கெடப்போகிறது என்று முந்திச் சொல்லுகிற அடையாளங்களில் ஒன்று மூச்சு எண்ணிக்கை, முந்திப் பொய்யாவதும் அதுதான். தரம் பார்க்க வருகிறவரின் படிவத்தில் இருக்கும் கேள்வியோ ‘சார்ட் நிரப்பப்பட்டுள்ளதா?’ என்பது. ஆம், ஒரு புள்ளி. இரண்டு பேர் நின்ற இரவில் நாற்பது சார்ட்டும் கட்டம் விடாமல் நிரம்பியிருந்தால் அது புள்ளி போடுகிற இடமா, சந்தேகப்படுகிற இடமா?

தரச்சான்று வீண் என்று நான் சொல்லவில்லை. அவசர ட்ரொலியில் எந்த மருந்து எந்தத் தட்டில் என்று லேபல் ஒட்டியிருந்தால் நடுச்சாமத்தில் அட்றினலின் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவில் ஜொயின்ற் கொமிஷன் என்ற தரச்சான்று அமைப்பின் சான்று பெற்ற ஆஸ்பத்திரிகளையும் மாநில அரசுகள் நேரடியாகப் பரிசோதித்தவற்றையும் ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வில், இறப்பு வீதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து 2002இல் வந்த ஆய்வோ, நேர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால் சத்திரசிகிச்சை நோயாளர் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 வீதம் கூடுகிறது என்றது. இன்னொன்று வேடிக்கையானது: சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதகர் வந்து நிற்கும் கிழமையில் இறப்பு வீதம் 7.21இலிருந்து 7.03க்கு இறங்கியிருக்கிறது. யாரோ பார்க்கிறார்கள் என்றால் வேலை மாறுகிறது. ஆகவே, எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

எண்ணிக்கைச் சட்டத்துக்கும் ஓட்டை உண்டு, அது உனக்குத் தெரியாததல்ல. அவுஸ்திரேலியாவில் உங்கள் விக்ரோறியா மாநிலத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவருக்கு நாலு என்று இருந்தாலும், கணக்கில் அரைக்குக் குறைவாக மிஞ்சுவதை விட்டுவிடும் 50 வீத விதியால் 21 நோயாளருக்கும் ஐந்து பேரே போதும் என்று சமாளிக்கலாம். 2019 திருத்தம்தான் அதைப் படிப்படியாக எடுக்கத் தொடங்கியது. கலிபோர்னியாவில் 2004இல் விகிதம் நடைமுறைக்கு வந்தபோது ‘எந்நேரமும்’ என்ற ஒரு சொல்தான் ஆஸ்பத்திரி முதலாளிமாரைச் சுட்டது. சாப்பாட்டுக்குப் போனவருக்கும் பதில் ஆள் வேண்டுமே!

இங்கே சட்டம் எழுதினால் எதை எண்ணுவது என்பதிலேயே சண்டை தொடங்கும். கட்டிலை எண்ணினால் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார். ராத்திரி 12 மணிக்கு எண்ணினால் பகல் முழுக்க வந்து போனவர்கள் வரமாட்டார்கள். ஆள் குறைந்தால் நீங்கள் கட்டிலை மூடலாம், இங்கே வாசலுக்கு வந்த பிள்ளைத்தாச்சியைத் திருப்பி அனுப்ப முடியுமா? இன்னொரு சிக்கல், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி மத்திய அமைச்சின் கீழ், மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழ். குறையை எழுதுவது ஓரிடம், காசு இருப்பது இன்னோரிடம்.

அதனால் எனக்குப் படுவது, தண்டனையில் தொடங்காமல் பலகையில் தொடங்கலாம். இங்கிலாந்தில் 2014 முதல் திட்டமிட்ட நேர்ஸ் எண்ணிக்கை எத்தனை, உண்மையில் நின்றவர் எத்தனை என்று வெளியிட வேண்டியிருக்கிறது. இங்கே வாட்டு வாசலில் ஒரு கரும்பலகை போதும்: நோயாளர் எத்தனை, நேர்ஸ் எத்தனை, அதில் ஓவர்ரைம் எத்தனை. ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் சோக்கால் எழுத ஒரு நிமிஷம். தரம் பார்க்க வருகிறவர் லேபலைப் பார்க்க முதல், போன மாதத்து இரவு ரோஸ்டர் ஒன்றை எழுமாற்றாக எடுத்து அதே இரவின் சார்ட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

50 வீத விதி போன பிறகு உங்கள் பக்கம் இரவு டியூட்டியில் உண்மையாகவே ஆள் கூடியதா, அல்லது ஏஜென்சி ஆட்களால் நிரப்புகிறார்களா? எழுது. வெற்று ரோஸ்டர் படிவம் ஒன்று கிடைத்தால் அதையும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி