ராத்திரி தண்ணி கட்ட ஆள் அனுப்பும் தோட்டக்காரர்களுக்கு

அண்ணன்மார்களே, மாமன்மார்களே, வணக்கமுங்க.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கும் ஒரு தோட்டம் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். போன வருசம் ராத்திரி கரண்டு வந்ததும் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டப் போன எங்கள் ஆள், கொஞ்ச நேரத்தில் தோட்டத்துச் சாளை வீட்டுக்குத் திரும்பி வந்து, "ஏதோ பூச்சி தொட்டுருச்சுங்க" என்றார். ராத்திரியில் பாம்பு என்று பேர் சொல்ல மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். கணுக்காலில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொன்னது என் அப்பா. நானும் தடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் அதிலேயே போனது. ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிசம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். உறையவே இல்லை, தண்ணியாட்டம் ஓடியது. கடித்தது கண்ணாடி விரியன், அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது.

விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், உயிரும் தப்பியது. ஆனால் சிறுநீரகம் அடிபட்டு மாசக்கணக்கில் டயாலிசிஸ். அவர் கூலி போச்சு, கூடவே போகவேண்டி இருந்ததால் அவர் சம்சாரத்தின் கூலியும் போச்சு, அப்புறம் தோடு அடகுக்குப் போய், அந்த அக்கா காதுத் துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்ததைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். உலக சுகாதார நிறுவனம் 2017ல் இதைக் கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது, தமிழக அரசும் 2024ல் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. சரி, நாம் என்ன செய்தோம்?

முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸும் நல்ல டார்ச்சும் வாங்கி மோட்டார் ரூமில் வையுங்கள். கடிபட்டால் கயிறு போட்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், நடக்கவிட வேண்டாம். 108க்கு அடியுங்கள், வர நேரமாகும் என்றால் உங்கள் காரை எடுங்கள், சீட்டில் ரத்தம் படுமே என்று யோசிக்காதீர்கள். முக்கியமாக, அவர் எழுந்து வேலைக்கு வரும்வரை கூலியைக் கொடுங்கள். நம் பயிருக்குத் தண்ணி கட்டப் போய்தானே கடிபட்டார்.

அவருக்கு நாங்கள் இப்போது பாதிக் கூலி கொடுக்கிறோம். முழுக்கூலியாக, முதல் நாளில் இருந்தே கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தோட்டை இந்த மாசம் மீட்டுக் கொடுக்கிறோம்.